மிருதுளாவைக் காட்டாத வருடம்

எங்கள் ஊரில் கணவனும் மனைவியும் விவாகரத்து வாங்கிக்கொண்டால், அந்த வருட வரிப் படிவத்தில் பிள்ளையை யார் காட்டுகிறாரோ அவர் கண்ணுக்கு மட்டும்தான் பிள்ளை தெரியும். மற்றவருக்குத் தெரியாது, பேசினால் காதிலும் விழாது. அக்கம்பக்கத்தார், டீச்சர், பால்காரர் எல்லாருக்கும் எப்போதும்போலத் தெரியும். அவர்கள் படிவத்தில்தான் என் பிள்ளைக்கு வேலையே இல்லையே. படிவம் கொடுக்கக் கடைசி நாள் ஜூலை முப்பத்தொன்று. ஆகஸ்ட் முதல் தேதி காலையிலிருந்து அடுத்த ஜூலை வரைக்கும் அதுதான் நிலவரம்.

என் பெயர் சுகந்தி. பள்ளிச் சீருடை தைக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. மோகனசுந்தரம் நாலு தெரு தள்ளி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிற கடை வைத்திருக்கிறார். நாங்கள் ஏன் பிரிந்தோம் என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவர் சொன்னதுதான் சரி என்பார். நான் சொன்னதுதான் சரி என்பேன். சாம்பாருக்கு எவ்வளவு புளி, பேருந்து எத்தனை மணிக்கு, என் தம்பி கல்யாணத்தன்று மழை பெய்ததா இல்லையா, எதுவானாலும் அப்படித்தான். ஒன்பது வருடம் ஓட்டினோம். மகள் மிருதுளா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வழக்கு இரண்டு வருடம் நடந்தது. அது முடியும்வரை பிள்ளையை அப்பாவே காட்டட்டும் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுவிட்டதால், அந்த இரண்டு வருடமும் எனக்கு மிருதுளா தெரியவில்லை. ஞாயிறு முதல் புதன் மதியம் வரை என் வீடு, மீதி நாள் அவர் வீடு என்பது மட்டும் மாறவில்லை. தெரிகிற பிள்ளையோ தெரியாத பிள்ளையோ, சோறு போட்டுத்தானே ஆகவேண்டும்.

தெரியாத பிள்ளையை வளர்ப்பது பழகிவிட்டால் அவ்வளவு சிரமம் இல்லை. தட்டில் தோசை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டே வரும். புத்தகப் பை எழுந்து வாசலைத் தாண்டும். கையால் தொட்டால் ஆள் இருப்பாள். தலை வாரிவிடுவேன், ஆனால் வகிடு எங்கே போகிறது என்று தெரியாது. “மிருதுளாவுக்குக் கொஞ்சம் நேரா வகிடு எடுத்து விடுங்க” என்று டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார். சீருடைக்கு அளவெடுக்கும்போது டேப் காற்றைச் சுற்றி நிற்கும். இடுப்பு இருபத்திரண்டு என்று குறித்துக்கொள்வேன். அவள் சொல்ல வேண்டியதைத் துண்டுத்தாளில் எழுதி வைப்பாள். ‘அம்மா, சட்னி காரம்.’ திட்டும்போதுதான் கஷ்டம். எந்தப் பக்கம் பார்த்துத் திட்டுவது? ஒருமுறை அரைமணி நேரம் பீரோவைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன். அவள் குளித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவளுக்கு முன்பல் விழுந்து முளைத்ததை நான் பார்க்கவில்லை. விரலை விட்டுத் தடவித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தையல் மெஷினில் தலையைச் சாய்த்துக்கொண்டு நன்றாக அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

தீர்ப்பு மே மாதம் வந்தது. இரட்டைப்படை வருடங்களில் தாய் காட்ட வேண்டும், ஒற்றைப்படை வருடங்களில் தந்தை காட்ட வேண்டும். தனக்கு உரியதல்லாத வருடத்தில் யாராவது ஆசைப்பட்டுக் காட்டிவிட்டால், அவர் ஆயுளுக்கும் பிள்ளையைக் காட்ட முடியாது. நல்ல தீர்ப்பு என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் வருடம் என்றால் எந்த வருடம் என்று நீதிபதி எழுதவில்லை.

வரிக்காரர்களுக்கு இரண்டு வருடம் உண்டு. பணம் சம்பாதிக்கிற வருடம் ஒன்று. அதற்குக் கணக்குக் காட்டுகிற வருடம் இன்னொன்று. நாங்கள் சம்பாதித்த வருடம் இருபத்திரண்டு ஏப்ரலில் தொடங்கியது. அதற்குப் படிவம் நிரப்பியது இருபத்து மூன்று ஜூலையில். இருபத்திரண்டு இரட்டைப்படை. இருபத்து மூன்று ஒற்றைப்படை. நான் காலண்டர் முன்னால் நின்று யோசித்தேன். உட்கார்ந்து யோசித்தேன். பித்தான் தைத்துக்கொண்டே யோசித்தேன். யோசிக்க யோசிக்கத் தலைதான் சுற்றியது.

முன்பெல்லாம் எங்கள் இருவர் கணக்கையும் பார்த்தவர் ஆடிட்டர் காளியப்பன். பாத்திரம் பண்டம் பிரித்தபோது அவரையும் பிரித்துக்கொண்டோம். காலையில் எனக்கு, மதியத்துக்கு மேல் மோகனசுந்தரத்துக்கு. காலையில் தெரிந்துகொண்டதை மதியம் நினைத்துப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. மூன்றே வாரத்தில், “எனக்கே நான் யாரோட ஆளுன்னு கொழப்பமா இருக்குது அம்மிணி, என்னை விட்டுருங்க” என்று கும்பிட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். ஆகவே நானே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

படிவம் என் கையில் இருப்பது இருபத்து மூன்றில். ஆகவே அது ஒற்றைப்படை. ஆகவே அவருடைய வருடம். ‘சார்ந்திருப்போர்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தேன், எடுத்தேன். இன்னும் ஒரு வருடம் பிள்ளை முகம் தெரியாது என்று நினைத்தபோது மறுபடி வைத்தேன். ஆனால் தப்பாகக் காட்டினால் ஆயுளுக்கும் போய்விடுமே. கட்டத்தைக் காலியாக விட்டேன். மோகனசுந்தரத்தை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சொல்வதுதான் சரி என்று ஆகிவிடும். ஆகவே கேட்கவில்லை.

ஆகஸ்ட் முதல் தேதி செவ்வாய்க்கிழமை. காலையில் தட்டில் இரண்டு தோசை வைத்தேன். குறையவில்லை. முந்தின நாள் வீட்டுப் பாடத்துக்காகத் திட்டியிருந்தேன். அந்தக் கோபம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். சீப்பை எடுத்துக்கொண்டு அவள் வழக்கமாக உட்காரும் மணைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தலை கைக்குக் கிடைக்கவில்லை. புத்தகப் பையும் இடத்தை விட்டு நகரவில்லை. மாலையில் புதுப் பாவாடைக்கு அளவெடுக்க டேப்பைச் சுற்றினேன். டேப் தரையில் விழுந்தது. “சரி, உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். புதன் மதியம் அவள் அப்பா வீட்டுக்குப் போகிற நேரம். வாசல் கதவைத் திறந்து வைத்து, போய்விட்டாள் என்று கணக்குப் பண்ணிச் சாத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி கதவைத் திறந்து வைத்தேன். தட்டில் வைத்த பூரி அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது. நாற்காலி, கட்டில், குளியலறை எல்லா இடத்திலும் கையால் துழாவினேன். எங்கும் இல்லை. மோகனசுந்தரத்துக்குப் போன் போட்டேன். எட்டு மாதத்தில் முதல் போன்.

“ஏனுங்க, மிரு அங்கேயே இருந்துட்டாளா? இங்க சாப்பாடு அப்படியே இருக்குது.”

“என்னைக் கேட்டா? உனக்குத் தெரியற வருசந்தானே இது?”

“எனக்கு எங்க தெரியுது? இது உங்க வருசம்.”

அந்தப் பக்கம் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், “நானும் சோறு வெச்சு வெச்சு எடுத்துட்டு இருந்தேன் சுகந்தி. ஒரு பருக்கை கொறையல. தெரியாத வருசம்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். எனக்கு இது பழக்கமில்லையே.”

அவர் சம்பாதித்த வருடத்தைப் பார்த்திருக்கிறார். அது இரட்டைப்படை, ஆகவே என் வருடம் என்று முடிவுகட்டிக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பாவம், ரெண்டு வருசமா அவ பாக்கல, இந்த வருசம் பாக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாராம். அதை அப்புறம்தான் சொன்னார்.

திங்கட்கிழமை தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே மிருதுளாவின் கையெழுத்து. உருண்டை உருண்டையாக.

‘அனுப்புநர்: செல்வி மோ. மிருதுளா, காட்டப்படாத இனம் எண் நான்கு, பதிவறை, வரி அலுவலகம். பெறுநர்: தாயார் அவர்கள். பொருள்: மதிய உணவு அனுப்பக் கோருதல் தொடர்பாக. அம்மையீர், நான் ஒன்றாம் தேதி முற்பகல் இங்கு பணியில் சேர்ந்தேன். இங்கு நலம். கேன்டீனில் தினமும் தக்காளி சாதம் வழங்கப்படுகிறது. எனவே தாங்கள் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். நகல்: தந்தையார் அவர்களுக்குத் தகவலுக்காக.’

உடனே தூக்குப் போசியில் சோறும் பருப்பும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மோகனசுந்தரம் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். கையில் டிபன் பாக்ஸ். தலைமை எழுத்தர் அரங்கநாதன் எங்கள் இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னார். மரியாதையான மனிதர். சட்டைப் பையில் மூன்று நிறப் பேனா.

“ரெண்டு பேரும் கட்டத்தைக் காலியா விட்டுட்டீங்க. யாரும் காட்டாத பிள்ளை இலாகாப் பொறுப்புல இருக்கும். அதான் விதி” என்றார். “பாப்பா நல்லா இருக்காங்க. கூட்டல் அருமையாப் போடறாங்க. இதோ, உங்களைப் பாத்துக் கையாட்டறாங்க.”

நான் அவர் காட்டிய பக்கம் பார்த்தேன். கோப்புகள் அடுக்கிய அலமாரி மட்டும்தான் தெரிந்தது. மோகனசுந்தரம் அலமாரியைப் பார்த்துக் கையாட்டினார். நானும் ஆட்டினேன்.

“தொட்டுப் பாக்கலாங்களா?” என்று கேட்டேன்.

“இலாகாச் சொத்தை வெளியாள் தொடக் கூடாதுங்கம்மா.”

வழி இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறது என்றார். யாருடைய வருடமோ அவர், ‘தவறு என்னுடையது’ என்று திருத்த மனு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் பிள்ளையை மற்றவர் கணக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தவறு செய்தவருக்குப் பிள்ளை பதினெட்டு வயது வரை தெரியாது. மிருதுளாவுக்கு எட்டு. பத்து வருடம்.

“யாரும் எழுதலைன்னா?” என்று மோகனசுந்தரம் கேட்டார்.

“டிசம்பர் மாசக் கடைசி வேலை நாள், சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு இலாகாவே பாப்பாவைத் தன் கணக்குல எழுதிக்கும். அப்புறம் நிரந்தரம். லெட்டரும் வராதுங்க. இலாகாவுல நிரந்தரமானவங்க சொந்த விசயமா வெளிய கடிதம் எழுதக் கூடாது.”

நான் மோகனசுந்தரத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். “படிவம் கையில இருக்கற வருசந்தானே வருசம்? அது உங்களுது. எழுதிக் குடுங்க” என்றேன்.

“சம்பாதிச்ச வருசத்துக்குத்தானே வரி? அப்ப அது உன்னுது. நீ எழுது” என்றார்.

அப்படியே ஆரம்பித்தது. வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார்கள். ஒரு பெரியவர் என் பக்கம்தான் நியாயம் என்றார். இன்னொருவர் அவர் பக்கம் என்றார். இலாகா என்ன சொல்கிறது என்று அரங்கநாதனைக் கேட்டோம். “இலாகாவுக்கு ரெண்டு வருசமும் ஒண்ணுதாங்க” என்று சொல்லிவிட்டு, பச்சைப் பேனாவைத் திறந்தார்.

அதன் பிறகு திங்கள், செவ்வாய், புதன் நான் சாப்பாடு கொண்டுபோவேன். வியாழன், வெள்ளி அவர். போசியைக் கவுண்டரில் வைத்தால் ரசீது தருவார்கள். பதிவறைக்குள் அவள் ஸ்பூனால் சுரண்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்காது. காலிப் போசி வெளியே வரும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கழுவுவதற்கு முன் உள்ளே பார்ப்பேன். கறிவேப்பிலையை ஓரத்தில் ஒதுக்கி வைத்திருப்பாள். அதைப் பார்த்தால்தான் அன்றைக்கு எனக்கு வேலை ஓடும்.

வாரம் ஒரு கடிதம் வந்தது. ‘பார்வை: தங்களின் ஒன்பதாம் தேதிய பீன்ஸ் பொரியல். மேற்படி பொரியல் ஏற்கப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ ஒருமுறை, ‘பல் துலக்கியது குறித்த அறிக்கை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’ இணைத்திருந்தாள். முப்பது நாளுக்கும் டிக். நான் பதில் எழுதும்போது கோப்பு எண் போட்டு எழுத வேண்டும். மனசு கேட்காமல் ஒருநாள் ‘என் கண்ணு’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன். உரிய வடிவில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘கண்ணு’ என்ற இடத்தில் சிவப்புக் கோடு.

அக்டோபரில் அவள் மற்றவர்களின் படிவங்களைத் திருத்துகிறாள் என்று கேள்விப்பட்டேன். எதிர்வீட்டு மளிகைக்கடைக்காரர் வந்து, “உங்க பொண்ணு எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்குதுங்க” என்றார். பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிள்ளை கெட்டிக்காரியாக ஆக ஆக இலாகா அவளை விடாது அல்லவா. தீபாவளிக்குப் புதுத் துணி தைத்தேன். அளவு தெரியாமல் உத்தேசமாகத் தைத்தேன். அரங்கநாதன் வாங்கிக்கொண்டு, “கை கொஞ்சம் கட்டையா இருக்குதுங்க, பரவாயில்லை” என்றார்.

எல்லாரும் என்னிடம் சொன்னார்கள், நீதான் சரி, நீ ஏன் எழுத வேண்டும் என்று. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எழுதினால் பத்து வருடம் அவள் முகம் கிடையாது. ஏற்கெனவே இரண்டு வருடம் போயிற்று. மொத்தம் பன்னிரண்டு. அவள் வயதுக்கு வருவாள், பாவாடை தாவணி கட்டுவாள், நான் காற்றுக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருப்பேன். எப்படி எழுதுவது? ஒருநாள் அவர் எழுதட்டும் என்று நினைப்பேன். மறுநாள் அவர்தான் என்ன பாவம் செய்தார் என்று நினைப்பேன். குழம்பிக் குழம்பி ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துவிட்டேன். தைக்கக் கொடுத்த அம்மா அதை வாங்கிக்கொண்டுதான் போனார்.

டிசம்பர் இருபதாம் தேதி வாக்கில் கடிதம் வந்தது.

‘பொருள்: இலாகாக் கணக்கில் நிரந்தரமாகச் சேர்க்கப்படுதல் தொடர்பாக. அம்மையீர், எனக்குத் தனி மேஜை ஒதுக்கப்பட்டுள்ளது. சுற்றுகிற நாற்காலியும் வழங்கப்படும். பெயர்ப் பலகைக்கு எழுத்துச் சரிபார்த்துவிட்டேன். தாங்களும் தந்தையாரும் இதுவரை எந்த மனுவும் அளிக்கவில்லை என்பது பதிவேடுகளிலிருந்து தெரியவருகிறது. நாற்காலி நன்றாகச் சுற்றுகிறது. ஆயினும் வீட்டுக்கு வர விருப்பம் உள்ளது.’

‘ஆயினும்’ என்ற இடத்தில் பேனா அழுத்தி அழுத்தித் தாள் ஓட்டையாகியிருந்தது. நான் அதைப் படித்துவிட்டு அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.

கடைசி வேலை நாள் காலை பத்தரை மணிக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் ‘தவறு என்னுடையது’ என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாயில் வரவில்லை. முப்பத்தெட்டு வயதில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அலுவலக வாசலில் இருந்த குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. எழுதுவது அதைவிடச் சுலபமாக இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கவுண்டரில் நீட்டினேன். சிரிக்கத் தோன்றியது, ஏனென்று தெரியவில்லை.

அரங்கநாதன் வாங்கிப் பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்தார். அதற்குள்ளிருந்து இன்னொரு மனுவை எடுத்து என்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். அதே வாசகம். மோகனசுந்தரத்தின் கையெழுத்து.

“பத்து மணிக்கே குடுத்துட்டாருங்க. வரிசை எண் இனிமேத்தான் போடணும்” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலு நாள் தாடி. எழுந்து வந்தார்.

“நீ எதுக்கு எழுதுன?”

“நீங்க எதுக்கு எழுதுனீங்க?”

“தப்பு என்னுது. படிவம் குடுக்கற வருசந்தான் கணக்கு. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். நீ சொன்னதுதான் சரி.”

“இல்லீங்க. சம்பாதிச்ச வருசந்தான் கணக்கு. நீங்க சொன்னதுதான் சரி. தப்பு என்னுது.”

“அதெப்படி உன்னுதாகும்? நாந்தான் வருசத்தை மாத்திப் பாத்தேன்.”

“நான் ஒண்ணு சொன்னா ஒருநாளாவது ஒத்துக்கறீங்களா நீங்க? தப்புன்னு ஒத்துக்கிட்டாக்கூட அதுக்கும் மல்லுக்கு நிக்கறீங்களே!”

“நீ மட்டும்? எம் மேல தப்புன்னு சொல்றேன், அதைக்கூட விட்டுத்தர மாட்டேங்கற!”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மனுவை இழுத்தேன். அவர் என் மனுவை இழுத்தார். குரல் ஏறியது. வரிசையில் நின்றவர்கள் பழக்கமாக நகர்ந்து இடம் விட்டார்கள். அரங்கநாதன் இரண்டு மனுவையும் மெல்ல எங்கள் கையிலிருந்து விடுவித்து, இரண்டுக்கும் வரிசை எண் போட்டார்.

“ரெண்டும் ஏத்துக்கிட்டாச்சு. ரெண்டு பேரும் தப்புப் பண்ணினவங்க. ரெண்டு பேருக்கும் பதினெட்டு வயசு வரைக்கும் பாப்பாவைக் காட்டற உரிமை இல்லை.”

மோகனசுந்தரம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போ என் பிள்ளை? என்று கேட்டேன். கத்தினேன் என்று சொல்ல வேண்டும்.

“மனு வந்துட்டதால இலாகாவும் எழுதிக்க முடியாதுங்கம்மா. காட்ட ஆளில்லாத பிள்ளை எட்டு வயசு முடிஞ்சிருந்தா, தானே தனி வரிதாரர். தன் படிவத்தைத் தானே குடுக்கணும். அஞ்சே முக்கால் வரைக்கும் நேரம் இருக்குது.” உள்பக்கம் திரும்பி, “பாப்பா, ஒரு புதுப் படிவம் எடுத்துக்கங்க” என்றார்.

உள்ளே ஒரு படிவம் மேஜையில் வந்து படுத்தது. பேனா ஒன்று எழுந்து எழுத ஆரம்பித்தது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கும் தயங்காமல் ஓடியது பேனா. ஐந்து மாதம் சும்மா இருந்தவளா அவள். ஒரே ஒரு இடத்தில் நின்றது. அரங்கநாதன் குனிந்து பார்த்து, “அது உங்க இஷ்டங்க பாப்பா. ஆனா காரணம் எழுதணும்” என்றார். பேனா ஒரு தடவை எங்கள் பக்கம் திரும்பியது. பிறகு எழுதியது.

முத்திரை விழுந்தது.

மேஜைக்குப் பின்னால் மிருதுளா உட்கார்ந்திருந்தாள். நான் தைத்த தீபாவளிச் சட்டை. கை கட்டையாகத்தான் இருந்தது. முகம் நீண்டுவிட்டது, அவள் அப்பாவின் தாடை வந்திருக்கிறது. புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு, எப்போது விழுந்ததோ. விரலெல்லாம் மை. “அம்மா” என்றாள். குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தது. எழுந்து ஓடி, கவுண்டர் கம்பிக்குள் கையை விட்டு அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவளும் விடச் சொல்லவில்லை.

“பாத்தீங்களா, உங்க தாடை” என்று பெஞ்சைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன். பெஞ்சில் யாரும் இல்லை. ஒரு ஹெல்மெட் மட்டும் இருந்தது.

“அம்மா, நகலைப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும்” என்றாள்.

படித்தேன். ‘வரிதாரர்: செல்வி மோ. மிருதுளா. சார்ந்திருப்போர்: இருவர். ஒன்று, தாய். இரண்டு, தந்தை. சார்ந்திருப்போர் வரிதாரரின் முகவரியிலேயே குடியிருக்க வேண்டும்.’ முகவரியாக என் வீட்டைப் போட்டிருந்தாள். பள்ளிக்கூடம் பக்கம் என்று அடைப்புக்குறியில் எழுதியிருந்தாள். அடுத்த பத்தி: ‘சார்ந்திருப்போர் ஒருவருக்கொருவர் தெரிய வேண்டுமா?’ அதற்கு எதிரே ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக். கீழே காரணம் எழுத இரண்டு வரி விட்டிருந்தார்கள்.

‘தெரிந்தால் சண்டை போடுவார்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.’

நான் அதை இரண்டு தடவை படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பேனாவை வைத்ததும் அது எழுந்தது. தாளுக்கு மேலே ரொம்ப நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு என் கையெழுத்துக்குக் கீழே மோகனசுந்தரம் கையெழுத்துப் போட்டார். அரங்கநாதன் தாளை வாங்கி ஊதிக் காயவைத்து, “அடுத்தவங்க வாங்க” என்றார்.

வெளியே வந்தோம். வண்டி நிறுத்தத்தில் மோகனசுந்தரத்தின் ஸ்கூட்டர் தானாக ஸ்டாண்டை விட்டு இறங்கியது. ஹெல்மெட் எழுந்து மனிதத் தலை உயரத்தில் நின்றது. மிருதுளா நடுவில் ஏறினாள். நான் அவளை இடுப்போடு கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வண்டி கடைவீதிக்குள் திரும்பியது. மளிகைக்கடைக்காரர் எங்கள் மூன்று பேருக்கும் வணக்கம் வைத்தார்.

“அப்பாவுக்குத் துணிமணி எடுக்கணுமாம். போற வழியில அவர் வீட்டுல நிறுத்தறாராம்” என்றாள் மிருதுளா.

“சரின்னு சொல்லு” என்றேன். பாலம் ஏறியபோது வண்டி வேகமெடுத்தது. “மெதுவா ஓட்டச் சொல்லு கண்ணு, பயமா இருக்குது.”

அவள் முன்னால் சாய்ந்து ஏதோ சொன்னாள். வண்டியின் வேகம் குறைந்தது.